பெரிய ஆல்பத்துக்குப் பின் வரும் இன்னும் பெரிய ஆல்பம்: யெஸ் குழுவை வைத்து ஒரு கேட்பு வழிகாட்டி

1972 செப்டம்பரில் இங்கிலாந்தின் யெஸ் குழு 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தை வெளியிட்டது. மொத்தம் மூன்றே பாடல்கள். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாடல், 18 நிமிடத்துக்கு மேல். புரோகிரெசிவ் ராக் எனப்படும், நீண்ட, சிக்கலான பாடல்களைக் கொண்ட ராக் இசை தொட்ட உயரங்களில் ஒன்று அது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. 1973 டிசம்பரில் அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் வந்தது: 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. இரட்டை இசைத்தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாடல், மொத்தம் 81 நிமிடம். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 6-ஆம் இடம். கூடவே சண்டையும் வந்தது. ஆணவம் தலைக்கேறிய ஆல்பம் என்று ஒரு கட்சி, அவர்கள் செய்ததிலேயே ஆழமானது என்று ஒரு கட்சி. ஐம்பது வருஷமாக இதே பேச்சுதான்.

இரண்டு கட்சியுமே ஆல்பத்தின் அளவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன என்பது என் எண்ணம். நீளம் குற்றமும் இல்லை, தகுதியும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு நேரத்தை இசை எதற்குப் பயன்படுத்துகிறது? பத்து நிமிடத்துக்கு முன் கேட்ட மெட்டு திரும்பி வரும்போது அது வேறொன்றாக மாறியிருக்கிறதா, வெறுமனே இன்னொரு முறை வாசிக்கப்படுகிறதா? இந்தக் கேள்வியோடு ஆல்பத்துக்குள் எப்படிப் போவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். யெஸ் ஆல்பத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வேறு எந்தக் குழுவின் பெரிய ஆல்பத்துக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் முந்தைய ஆல்பத்தைக் கேளுங்கள்

புது ஆல்பத்தைத் தொடுவதற்கு முன் பழையதை முழுதாகக் கேட்டுவிடுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம். நமக்குப் பிடித்த ஆல்பம் மனதுக்குள் தானாகவே மெருகேறிவிடும், அப்புறம் அடுத்ததாக எது வந்தாலும் தோற்கும்.

'க்ளோஸ் டு தி எட்ஜ்' தலைப்புப் பாடலைக் கேட்கும்போது ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவை ஒலியும் நீரோசையுமாகத் தொடங்கி, கிதார் வெறிகொண்டு ஓடி, பிறகு பாட்டு வருகிறது. நடுவில் எல்லாம் அடங்கி, குரல்கள் மட்டும் மெதுவாக மிதக்கும் பகுதி. அதன் உச்சத்தில் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனின் தேவாலய ஆர்கன் எழுகிறது. லண்டனில் நிஜமான தேவாலயம் ஒன்றுக்கே போய் வாசித்துப் பதிவு செய்தது அது. ஆர்கன் ஓய்ந்ததும் குழு மறுபடி பாய்கிறது, ஆரம்பத்தில் கேட்ட சரணத்தின் மெட்டு திரும்புகிறது. அதே மெட்டுதான், ஆனால் இடையில் நாம் கடந்து வந்த அந்த அமைதியால் இப்போது அதற்கு வேறு எடை. பாடல் 18 நிமிடம் ஓடுவதற்கான காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த ஆல்பத்தை அளக்க உங்களுக்குக் கிடைக்கும் அளவுகோலும் இதுதான். குழு தனக்குத்தானே வைத்துக்கொண்ட அளவுகோல் என்பதால் அநியாயமும் இல்லை.

இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில் என்ன மாறியது

இதற்கு வாழ்க்கை வரலாறு முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. யார் போனார், யார் வந்தார், எங்கே பதிவு செய்தார்கள், யார் எழுதினார்கள், இவ்வளவு தெரிந்தால் போதும். இவை ஒவ்வொன்றும் காதில் விழும் மாற்றங்கள்.

யெஸ் விஷயத்தில் பெரிய மாற்றம் டிரம்ஸில். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்த கையோடு பில் ப்ரூஃபோர்ட் விலகி கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார். ஜான் லெனனோடு வாசித்திருந்த ஆலன் ஒயிட் வந்தார். ப்ரூஃபோர்டின் வாசிப்பில் ஜாஸ் வாசனை அதிகம். தாளத்தைக் கோணலாக வெட்டுவார், அடி ஒவ்வொன்றும் தனியாகத் தெறிக்கும். ஒயிட்டின் கை கனமானது, நேரடியானது. நீண்ட பகுதிகள் இறுக்கமாகத் தோன்றுவதா அலையலையாகத் தோன்றுவதா என்பது பெரும்பாலும் டிரம்ஸ்காரர் கையில் இருக்கிறது. ஆகவே புது ஆல்பம் தளர்வாக ஒலித்தால் எழுதியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது எழுதிய விதம். முந்தைய ஆல்பம் ஸ்டூடியோவில் துண்டு துண்டாக, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஐந்து பேரும் வாதாடி, ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்ட் டேப்பை வெட்டி ஒட்டி உருவானது. 'டேல்ஸ்' ஆல்பத்தின் சட்டகத்தைப் பாடகர் ஜான் ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவும் 1973 இசைப்பயணத்தின்போது ஹோட்டல் அறைகளில் உட்கார்ந்து போட்டார்கள். மற்ற மூவருக்கும் அது பிறகுதான் வந்து சேர்ந்தது. ஐந்து பேர் சண்டை போட்டுச் செதுக்கியதற்கும், இருவர் கண்ட கனவில் மூவர் பிறகு சேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் ஆல்பம் முழுக்கக் கேட்கும்.

பதிவு நடந்தது லண்டன் வில்ஸ்டனில் இருந்த மார்கன் ஸ்டூடியோவில். ஆண்டர்சனுக்குக் காட்டில் போய்ப் பதிவு செய்ய ஆசை. அது நடக்காமல், ஸ்டூடியோவுக்குள் வைக்கோல் கட்டுகளும் அட்டைப் பசுவும் வந்தன. குளியலறையில் பாடினால் வருகிற ஒலி வேண்டும் என்று ஓடு பதித்த பெட்டி ஒன்றையும் செய்து வைத்தார்கள். வேக்மனுக்கு இந்தச் சூழல் ஒட்டவில்லை. அதே கட்டடத்தில் பதிவு செய்துகொண்டிருந்த பிளாக் சப்பாத் குழுவோடு பொழுதைக் கழித்தார், அவர்களுக்கு ஒரு பாடலில் கீபோர்டும் வாசித்துக் கொடுத்தார். படிக்கச் சுவையான செய்திகள்தான், ஆனால் கேட்கும் முன் இவற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டால் வைக்கோல்தான் காதில் விழும். யார் எழுதினார், யார் வாசித்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டு ஆல்பத்துக்குப் போங்கள்.

முதல் கேட்பு: நாளுக்கு ஒரு பக்கம்

81 நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இந்த ஆல்பம் இசைத்தட்டுக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளி அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் அந்த இடைவெளி காணாமல் போகிறது. மூன்றாவது பக்கம் வரும்போது காது களைத்திருக்கும், அந்தக் களைப்பை இசையின் குறையாகக் கணக்கில் எழுதிவிடுவோம். நாளுக்கு ஒரு பக்கம், நல்ல ஹெட்போன் அல்லது ஸ்பீக்கரில், வேறு வேலை செய்யாமல் கேளுங்கள். நான்கு நாளில் முடியும்.

பாடல் வரிகளை முதல் முறை பார்க்க வேண்டாம். ஆண்டர்சன் சொற்களை அர்த்தத்துக்காக எடுத்த அளவுக்கு ஒலிக்காகவும் எடுப்பவர். அச்சில் படித்தால் புதிராக நிற்கும் வரி, குரலில் வரும்போது இன்னொரு வாத்தியமாக உட்கார்ந்துகொள்ளும். வரியை முதலில் படித்தவர்கள் பலர் அங்கேயே கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கேட்டு முடித்ததும் ஒரு பயிற்சி: எந்த மெட்டு மனதில் நிற்கிறதோ அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அதையும் எழுதி வையுங்கள். தீர்ப்பு இப்போது வேண்டாம்.

நேரக்குறிப்போடு ஒரு வரைபடம்

இரண்டாவது முறை கேட்கும்போது தாளும் பேனாவும் எடுங்கள். இந்த வேலையின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. இடது ஓரத்தில் நிமிடம், பக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி. இசைக் கல்வி தேவையில்லை. 'குரல் மட்டும்', 'கிதார் மெட்டு, புதுசு', 'முதலில் வந்த பாட்டு மறுபடி, இப்போது மெதுவாக', இப்படி எழுதினால் போதும். திரும்பி வருகிற ஒவ்வொன்றுக்கும் அடியில் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளுக்கு நேரே ஒரே கேள்வி: எது மாறியிருக்கிறது?

முதல் பக்கமான 'தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்' பாடலை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஆண்டர்சன் ஏறக்குறைய ஒரே சுரத்தில், மந்திரம் ஓதுவதுபோல் வேகமாகப் பாடித் தொடங்குகிறார். விடியலைப் பற்றிய வரிகள். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் குரல் சேருகிறது, அழுத்தம் கூடுகிறது, கடைசியில் குழு மொத்தமாக உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கத்தின் மையமான பல்லவி: ஒரு காலத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்திருந்த பாட்டு என்னவாயிற்று என்று கேட்கிற மெட்டு. கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் பாடகர் இந்தக் கணத்துக்காகத் தன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்ததாகச் சொல்கிறார். பிறகு பாடல் பல ஊர்களைச் சுற்றுகிறது. வேகமான பகுதி, குரல்கள் அடுக்கிய பகுதி, கிதாரின் கூர்மையான குறுக்கீடுகள். இறுதித் திரும்பலுக்குச் சற்று முன் வேக்மனின் மினிமூக் என்ற சிந்தசைசரின் தனி வாசிப்பு பாய்ந்து வருகிறது. அது முடிந்ததும் பல்லவி கடைசியாகத் திரும்புகிறது. இப்போது வரி மாறியிருக்கிறது. காத்திருந்தது நான் என்பது போய், காத்திருந்தது நாம் என்று ஆகிவிட்டது. மெட்டும் அகலமாகிறது, குரல்கள் நிறைகின்றன.

இருபது நிமிடம் என்ன வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டாம். தனியாளாகத் தொடங்கிய குரல் கூட்டமாக முடிகிறது, அதற்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' வைத்த அளவுகோலில் இந்தப் பக்கம் தேறுகிறது. எனக்கு இது அந்தப் பாடலுக்குப் பக்கத்திலேயே வைக்கத் தகுந்த படைப்பு.

வெட்டிப் பார்க்கும் சோதனை

வரைபடம் கையில் வந்துவிட்டால் அடுத்து இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, இது இல்லாவிட்டால் பிறகு வருவது பலவீனமாகுமா என்று பாருங்கள். கணினியில் வெட்டிக் கேட்கத் தெரிந்தால் நிஜமாகவே வெட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த நிமிடங்களைத் தாண்டி ஓடவிட்டுக் கேட்டாலே போதும்.

இந்த ஆல்பத்தின் மீது வைக்கப்பட்ட மிகக் கடுமையான குற்றச்சாட்டு வெளியாளிடமிருந்து வரவில்லை, வேக்மனிடமிருந்தே வந்தது. ஒரு தட்டுக்கு அதிகமாகவும் இரண்டு தட்டுக்குக் குறைவாகவும் சரக்கு இருந்தது, ஆகவே இழுத்து நிரப்பினோம் என்பது அவர் வாதம். சுருக்கமாகச் சொன்னால், நாலு பேருக்கு வைத்த குழம்பில் தண்ணீர் விட்டு எட்டுப் பேருக்கு ஊற்றிய கதை. அவர் சொல்வது சரியா என்பதை நீங்களே சோதிக்க முடியும் என்பதுதான் இந்தப் பயிற்சியின் அழகு.

இரண்டாவது பக்கமான 'தி ரிமெம்பரிங்' இதற்குப் பொருத்தமான இடம். மெலோட்ரான் என்ற கீபோர்டு வாத்தியத்தின் மேகம் போன்ற நீண்ட ஒலிகளில் மெதுவான சரணங்கள் மிதக்கின்றன. அழகு குறைவில்லை. ஆனால் முதல் பாதியில் ஒரு சரணத்தை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், இரண்டை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பின்னால் வருகிற எதுவும் அசைவதில்லை. அதற்கப்புறம் 'ரிலேயர்' என்ற சொல்லைக் குரல்கள் ஓங்கிப் பாடும் துள்ளலான பகுதி வரும். 1974-இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு அந்தச் சொல்லே பெயரானது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பக்கமே சரிந்துவிடும். ஆக, இந்தப் பக்கத்தில் வேக்மன் சொன்னது உண்மை. என் கணக்கில் ஐந்தாறு நிமிடம் அதிகம்.

ஆனால் அதே வாதத்தை முதல் பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தால் நிற்காது. நான்காவது பக்கத்திலும் நிற்காது. ஆல்பம் முழுவதையும் ஒரே சொல்லில் தள்ளுவதும் தூக்குவதும் ஏன் தப்பு என்பது இப்படி வெட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் வேலை இருக்கிறதா

ஒரு முறை முழுக்க ஒரே ஆளை மட்டும் பின்தொடருங்கள். கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் கிதாரை மட்டும் ஒரு நாள், கீபோர்டை மட்டும் ஒரு நாள். பெரிய ஆல்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் தங்கள் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும். யோசனை தந்தவர் எல்லா இடத்திலும் இருப்பார், மற்றவர்கள் இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

'டேல்ஸ்' ஆல்பத்தில் ஹவ் எல்லா இடத்திலும் இருக்கிறார். ஸ்கொயர் தனக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டார், நான்காம் பக்கத்தில் அவருடைய தனி வாசிப்பு அதற்குச் சான்று. கீபோர்டைப் பின்தொடர்ந்தால் வேறு கதை. முந்தைய ஆல்பத்தில் பாடலின் போக்கையே திருப்பிய கை, இங்கே பல இடங்களில் பின்னணித் திரை விரித்துக்கொண்டிருக்கிறது. முதல் பக்கத்தின் மினிமூக் பாய்ச்சலைக் கேட்டவருக்கு, இதுபோல் இன்னும் நான்கைந்து தருணங்கள் இருந்திருக்கலாமே என்று தோன்றாமல் இருக்காது. வேக்மன் 1974-இல் குழுவை விட்டுப் போனார் என்ற செய்தியை அறியாதவர்கூட இசையிலிருந்தே அதை ஊகித்துவிடலாம்.

கருவும் இசையும்

இப்போதுதான் பாடல் வரிகளையும் உறைக் குறிப்பையும் எடுக்க வேண்டும். இந்த ஆல்பத்தின் கரு நம்மவர்களுக்கு அந்நியமானது இல்லை. 1973 மார்ச்சில் ப்ரூஃபோர்டின் திருமண வரவேற்பில் கிங் கிரிம்சனின் ஜேமி மியூர், பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலைப் பற்றி ஆண்டர்சனிடம் சொன்னார். ஜப்பான் பயணத்தின்போது ஆண்டர்சன் அதைப் படித்தார். அந்த நூலின் 83-ஆம் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு: சாஸ்திரங்கள் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்கு வகை. நான்கு வகை, நான்கு பக்கம். ஆல்பத்தின் திட்டம் அங்கே முடிவாகிவிட்டது.

'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாடலுக்கும் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவல் தூண்டுதலாக இருந்தது. ஆனால் அங்கே புத்தகம் ஒரு மனநிலையைத்தான் தந்தது, பாடலின் வடிவத்தை இசையே தேடிக்கொண்டது. இங்கே அடிக்குறிப்பு முதலில் நான்கு பாத்திரங்களைக் கொடுத்துவிட்டது, எல்லாம் ஒரே அளவு. ஒரு யோசனைக்கு எட்டு நிமிடம் போதும், இன்னொன்றுக்கு இருபத்தைந்து வேண்டும் என்று இசை கேட்டாலும் கேட்க வழியில்லை. இரண்டாம் பக்கத்தின் தொய்வுக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

யோகானந்தரின் கருத்தை ஆண்டர்சன் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று தேர்வு வைப்பதில் பயன் இல்லை. சுருதி, ஸ்மிருதி பற்றித் தெரிந்த நமக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் மதிப்பிட வேண்டியது கரு இசையை எங்கே கொண்டுபோனது என்பதைத்தான். புராணத்துக்கான மூன்றாம் பக்கம், 'தி ஏன்ஷியன்ட்', நல்ல சாட்சி. கரு இல்லாமல் இந்தக் குழு இப்படி ஒரு பக்கத்தைச் செய்திருக்காது. தாள வாத்தியங்கள் முன்னுக்கு வர, ஹவின் ஸ்டீல் கிதார் கரடுமுரடாகக் கத்துகிறது. பல மொழிகளில் சூரியனின் பெயர்கள் ஓதப்படுகின்றன. சுமார் 12 நிமிடம் பிடிமானமே கிடையாது. பிறகு அத்தனையும் நின்று, தனி கிளாசிக்கல் கிதார். அதிலிருந்து ஓர் எளிய பாட்டு முளைக்கிறது. அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டால் இனிமை, முந்தைய 12 நிமிடத்துக்குப் பின் கேட்டால் நெஞ்சு நிறையும். முரட்டுப் பகுதி கொஞ்சம் சுருங்கியிருக்கலாம், ஆனால் அது இருக்க வேண்டும்.

எந்தப் பதிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2003 மறுபதிப்பில் முதல் பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிட முன்னிசை திரும்பச் சேர்க்கப்பட்டது, ஆகவே நேரக்குறிப்புகள் மாறும். மூல வடிவம், அந்த ஓதல் நேராகத் தொடங்குவது, எனக்கு வலுவாகப் படுகிறது. 2016-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பழைய பதிவுகளை மறுபடி கலந்து செய்த ரீமிக்ஸில் அடுக்குகள் பிரிந்து தெளிவாகக் கேட்கும். தனி வாத்தியத்தைப் பின்தொடரும் பயிற்சிக்கு அது உதவும். தீர்ப்பை மட்டும் மூல மிக்ஸில் கேட்டு எழுதுங்கள், 1973-இல் அந்தக் குழு கையெழுத்திட்டது அதில்தான்.

கடைசியில்தான் மற்றவர் பேச்சு

விமர்சனங்கள், பேட்டிகள், மேடைக் கதைகள் எல்லாம் இங்கே. ஆல்பம் கடைக்கு வரும் முன்பே, 1973 நவம்பரிலேயே, குழு மேடையில் நான்கு பக்கத்தையும் வாசிக்கத் தொடங்கிவிட்டது. கேட்காத 80 நிமிட இசையை முதல் முறையாக அரங்கில் உட்கார்ந்து கேட்டவர்களின் சலிப்பு ஆல்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மான்செஸ்டரில் கச்சேரி நடுவில் வேக்மன் மேடையிலேயே குழம்பும் சோறும் சாப்பிட்ட கதையும் அதோடு சேர்ந்தது. இந்தக் கதைகளை அறிந்துகொள்ளுங்கள், ஆனால் உங்கள் வரைபடத்தில் எந்த நிமிடத்துக்கு அவை பொருந்துகின்றன என்று கேளுங்கள். பொருந்தாதது வெறும் கதை.

பிறகான மேடைப் பதிவுகள் இதைவிட உதவியாக இருக்கும். 1980-இல் வந்த 'யெஸ்ஷோஸ்' ஆல்பத்தில் நான்காம் பக்கமான 'ரிச்சுவல்' இருக்கிறது, 1996-இன் 'கீஸ் டு அசென்ஷன்' ஆல்பத்தில் முதல் பக்கம் இருக்கிறது. குழு எந்தப் பகுதிகளைப் பின்னாட்களிலும் மேடைக்கு எடுத்துச் சென்றது என்பதும் ஒரு சாட்சியம்தான்.

தீர்ப்பு எழுதுவது

மதிப்பெண் போடாதீர்கள். பக்கம் பக்கமாக எழுதுங்கள், ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு நிமிடத்தையோ ஒரு திரும்பலையோ காட்டுங்கள். முந்தைய ஆல்பத்தைவிட மேலா கீழா என்ற கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் தர வேண்டாம்.

என் தீர்ப்பு இது. முதல் பக்கம் அவர்களின் தலைசிறந்த வேலைகளில் ஒன்று. இரண்டாம் பக்கத்தில் நல்ல பதினைந்து நிமிடம் இருபதாக இழுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது துணிச்சலானது, அந்தக் கடைசி கிதார் பாட்டுக்காக அதன் முரட்டுத்தனம் முழுவதையும் ஏற்றுக்கொள்வேன். நான்காவதில் முந்தைய பக்கங்களின் மெட்டுத் துணுக்குகள் கிதாரில் தலைகாட்டும். 'நாம் சூரியனுடையவர்கள்' என்று பிரெஞ்சு மொழியில் பாடும் மெட்டு ஆரம்பத்தில் இலகுவாக வந்து போகும். பின்னால் பேஸ் கிதாரும் தாள வாத்தியங்களும் மோதி ஒரு போரே நடக்கும். அது அடங்கியதும் அதே மெட்டு பியானோவோடு மெதுவாகத் திரும்புகிறது. அந்தத் திரும்பல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாடலின் ஆர்கனுக்குப் பின் வரும் சரணத்துக்கு ஈடானது. முந்தையது போல் குறையற்ற ஆல்பம் இல்லை. ஆனால் இந்த நான்கு பக்கங்களில் இரண்டை இழந்து அந்தக் குழுவைப் பற்றிப் பேச நான் தயாரில்லை.